பெட்டியில் எழுதிய லிட்டர் தொட்டிக்கு வருவதில்லை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் மேடையில் சொல்லாமல் விட்ட சில கணக்குகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



நான் பொறியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். மீன் தொட்டியின் குழாயைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். தகுதி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் தளத்திலிருந்த என் மீன் தொட்டித் தண்ணீர், இரண்டாம் தளத்து வீட்டின் கூரை வழியாக இறங்கியது. அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

இப்போது பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கீழ்த்தள லாபியில் 1,000 லிட்டர் மீன் தொட்டி வைக்கலாம் என்று செயற்குழு இரண்டு கொட்டேஷன் வாங்கியிருக்கிறது. இரண்டையும் பார்த்தேன். பம்ப் எத்தனை லிட்டர் என்று இரண்டிலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. குழாயின் அளவு ஒன்றில் ஓரமாக இருக்கிறது, மற்றதில் தேட வேண்டியிருக்கிறது. என் வீட்டில் நான் செய்த தவறும் இதேதான்.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். மொட்டை மாடியில் ஓவர்ஹெட் டேங்க் இருக்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள மேல்தளத்து வீட்டில் ஷவர் சொட்டுகிறது, தரைத்தளத்தில் குழாயைத் திறந்தால் கையில் அடிக்கிறது. தொட்டி ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். வேறுபாடு உயரம். பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. நம் கட்டடத்தில் ஒரு தளம் சுமார் 3 மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு தளம் இறங்கும்போதும் 300 கிராம் கூடுகிறது. டேங்க் அகலமா, குறுகலா, பத்தாயிரம் லிட்டரா, ஐந்நூறு லிட்டரா என்பதற்கு இதில் இடமே இல்லை. உயரம் மட்டும்தான் கணக்கு. இதைத்தான் பிளம்பர்களும் பம்ப் கடைக்காரர்களும் ‘ஹெட்’ என்கிறார்கள்.

இரண்டாவது விஷயம். அதே வீடு, அதே குழாய். இரவு பதினோரு மணிக்குத் திறந்தால் நன்றாக வருகிறது. காலை ஏழு மணிக்கு எல்லோரும் குளிக்கும் நேரத்தில் திறந்தால் மெலிந்து போகிறது. டேங்கில் நீர்மட்டம் குறையவில்லை, உயரமும் மாறவில்லை. பிறகு அழுத்தம் எங்கே போனது? பொதுக் குழாயில் அதிக நீர் வேகமாக ஓடும்போது, குழாயின் சுவரோடும் தனக்குள்ளேயும் உரசி அது தன் அழுத்தத்தைச் செலவழித்துவிடுகிறது. இதுதான் உராய்வு இழப்பு. நீர் நின்றால் இழப்பு இல்லை. ஓடினால்தான் இழப்பு. வேகமாக ஓடினால் பல மடங்கு இழப்பு.

இந்த இரண்டும் விளங்கிவிட்டால் மீன் தொட்டி விளங்கிவிடும்.

பெரிய மீன் தொட்டிகளில் வடிகட்டும் சாமான்களைத் தொட்டிக்குள் வைப்பதில்லை. கீழே அலமாரிக்குள் இன்னொரு சிறு தொட்டி இருக்கும். அதற்கும் பெயர் சம்ப்தான். மேலே நிரம்பி வழியும் நீர் தானாகக் கீழே சம்ப்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பட்டதும் பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இந்தச் சுற்று இரவும் பகலும் நிற்காமல் நடக்க வேண்டும். நின்றால் மீனின் கழிவு நீரிலேயே தங்கிவிடும்.

என் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். சுமார் 300 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 3,000 லிட்டர் என்று பெட்டியில் எழுதிய பம்ப் வாங்கினேன். மணிக்குப் பத்துச் சுற்று வரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு மாதத்தில் அடியில் அழுக்குப் படிந்தது. பம்ப் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் மனநிலையில் இருந்தேன். நல்ல வேளை, போகுமுன் ஒரு சோதனை செய்தேன். தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே குழாயின் வாயைப் பிடித்து, 15 லிட்டர் வாளியில் விட்டேன். என் மனைவி செல்போனில் நேரம் பார்த்தார். வாளி நிரம்ப 47 நொடி. கணக்குப் போட்டால் மணிக்கு 1,150 லிட்டர். பெட்டியில் போட்டதில் பாதிகூட இல்லை.

பம்ப் பொய் சொல்லவில்லை. பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தன. அதிகபட்ச நீரோட்டம் 3,000 லிட்டர், அதிகபட்ச ஏற்றம் 2.5 மீட்டர். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கிடைக்காது. 3,000 லிட்டர் என்பது நீரைத் துளியும் மேலே தூக்காதபோது, குழாயும் மாட்டாதபோது கிடைப்பது. 2.5 மீட்டர் என்பது நீர் அந்த உயரம் வரை ஏறி அப்படியே நின்றுவிடுவது, அதாவது ஒரு சொட்டுகூட வெளியே வராத உயரம். நமக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். பெட்டியில் இருப்பது மொத்தச் சம்பளம். கைக்கு வருவது பிடித்தம் போக மீதி. முதல் பிடித்தம் உயரம். இது மாறாதது. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை அளக்க வேண்டும், எனக்கு 105 சென்டிமீட்டர் வந்தது. பம்ப் சம்ப்புக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது பொருட்டில்லை. அந்த ஆழத்து நீரே பம்ப்பை மேல்நோக்கித் தள்ளி உதவிவிடும். இரண்டாவது பிடித்தம் உராய்வு. இது வருமான வரி மாதிரி. சம்பளம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். நீரோட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு இழப்பு இரண்டு மடங்கில் நிற்காது, ஏறத்தாழ மூன்றரை மடங்காகும்.

இதைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் தார்சியும், ஜெர்மனியின் வைஸ்பாக்கும் 19ஆம் நூற்றாண்டில் அடித்தளம் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்களான ஹேசன், வில்லியம்ஸ் இருவரும் தண்ணீர்க் குழாய்க்கென்று ஒரு சூத்திரம் தந்தார்கள். சாதாரண கால்குலேட்டரில் போடக்கூடியதுதான். மணிக்கு 2,000 லிட்டர் நீர் வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் ஓடினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் எவ்வளவு ஏற்றம் வீணாகிறது என்று போட்டுப் பார்த்தேன்.

உள்விட்டம் 16 மில்லிமீட்டர்: 52 சென்டிமீட்டர்.
உள்விட்டம் 20 மில்லிமீட்டர்: பதினேழரை சென்டிமீட்டர்.
உள்விட்டம் 25 மில்லிமீட்டர்: 6 சென்டிமீட்டர்.
உள்விட்டம் 32 மில்லிமீட்டர்: 2 சென்டிமீட்டருக்கும் குறைவு.

இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 16-லிருந்து 25-க்குப் போவது பார்வைக்கு ஒரு சுண்டுவிரல் வித்தியாசம்கூட இல்லை. இழப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. விட்டம் சரிபாதியானால், அதே நீரோட்டத்துக்கு இழப்பு ஏறத்தாழ 29 மடங்கு.

எல்போவையும் மறக்கக் கூடாது. ஒரு 90 டிகிரி எல்போ, அதன் உள்விட்டத்தைப்போல 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமம் என்று கணக்கில் எடுப்பது வழக்கம். 25 மில்லிமீட்டர் எல்போ ஒன்று, முக்கால் மீட்டர் குழாய்க்குச் சமம். என் வீட்டில் 16 மில்லிமீட்டர் ஹோஸ் மூன்று மீட்டர், எல்போ நான்கு. நான் மூன்று மீட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தது நீருக்கு ஐந்து மீட்டர்.

பி.காம். முதலாண்டில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் படித்திருப்போம். இங்கேயும் அதுதான். கிடைக்கோட்டில் லிட்டர், நிலைக்கோட்டில் மீட்டர் என்று வரைந்தால், பம்ப்பின் கோடு மேலிருந்து கீழே சரியும். லிட்டர் கூடக் கூட அதனால் தூக்க முடிந்த உயரம் குறையும். குழாயின் கோடு 105 சென்டிமீட்டரில் தொடங்கி மேலே ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் தொட்டிக்கு வரும் நீர். பம்ப்பின் கோட்டை நல்ல தயாரிப்பாளர்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிட்டே தருகிறார்கள். நான் அந்தத் தாளை உறையோடு மடித்துத் தூக்கிப் போட்டிருந்தேன்.

இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது நான் செய்தது எல்லோரும் செய்வது. பெரிய பம்ப் வாங்கினேன். 5,000 லிட்டர், மூன்றரை மீட்டர் ஏற்றம். ஹோஸ் பழையதுதான். வாளி 33 நொடியில் நிரம்பியது. மணிக்குச் சுமார் 1,640 லிட்டர். பெட்டியில் 2,000 லிட்டர் கூடியது, தொட்டியில் ஐந்நூறுகூடக் கூடவில்லை. மீதியெல்லாம் அந்த ஒல்லி ஹோஸுக்குள் வரியாகப் போனது.

அடியில் கழிவு இன்னும் தங்குகிறதே என்று, குழாயின் வாயை நீட்டி நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் கீழே இறக்கி வைத்தேன். அழுக்கு கிளம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மதியம் கரண்ட் போனது.

பம்ப் நின்றால் குழாயில் இருக்கும் நீர் சும்மா நிற்காது. மண்ணெண்ணெய்க் காலத்தில் டின்னிலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்போமே, அதே வேலை தலைகீழாக நடக்கும். மேல் தொட்டி நீர், குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை, வந்த வழியே சம்ப்புக்குத் திரும்பி இறங்கும். என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 லிட்டர். 25 சென்டிமீட்டர் இறங்கினால் 135 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடம் 36 லிட்டர். மீதி 99 லிட்டர் தரைக்கு.

மாலையில் திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. மேலே ஏற்றப் போதுமான நீர் இல்லாமல் பம்ப் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. மீன்கள் பிழைத்திருந்தன. கீழ் வீட்டு ஃபால்ஸ் சீலிங் ஊறி, ஒரு பலகை பெயர்ந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே பொதுத்தேர்வு எழுதவிருந்த அவர்கள் வீட்டுப் பெண்ணின் மேசை. ரெக்கார்டு நோட்டுகள் நனைந்திருந்தன. நானும் என் மனைவியும் இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்திக் கொடுத்தோம். சீலிங்கைச் சரிசெய்து கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: “அங்கிள், மீனுக்கு ஒண்ணும் ஆகலையே?” திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பழைய 3,000 லிட்டர் பம்ப்பையே மாட்டினேன். ஹோஸுக்குப் பதில் 25 மில்லிமீட்டர் குழாய், எல்போ நான்குக்குப் பதில் இரண்டு. வாளி 28 நொடியில் நிரம்பியது. மணிக்கு 1,900 லிட்டருக்கு மேல். சின்ன பம்ப், பெரிய பம்ப்பை ஜெயித்தது. செலவு, குழாய்க்கும் எல்போவுக்கும் ஆனது மட்டும்.

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே மட்டும் வைத்தேன். இப்போது கரண்ட் போனால் குழாயில் இருப்பதையும் சேர்த்து 20 லிட்டரை ஒட்டித்தான் இறங்கும். சம்ப்பில் 36 லிட்டர் இடம் காத்திருக்கிறது. நீர் திரும்பாமல் தடுக்க ஒருவழி வால்வு போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பாசியோ ஒரு சின்ன நத்தையோ சிக்கினால் அது மூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் காற்றுத் துளை போடுவதும் நல்லதே, மாதம் ஒருமுறை அதைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். சம்ப்பில் காலி இடம் விடுவது ஒன்றுதான் பழுதாகாத பாதுகாப்பு.

இனி நம் லாபிக்கு வருகிறேன். தொட்டி 1,000 லிட்டர். மணிக்கு மூன்று சுற்று வேண்டுமென்றால் 3,000 லிட்டர் உண்மையாகவே வர வேண்டும். சம்ப் தொட்டிக்குக் கீழே இல்லை, மோட்டார் ரூமில் வைப்பதாகத் திட்டம். குழாய் 8 மீட்டர், எல்போ ஆறு. கொட்டேஷன் கொடுத்தவர்களில் ஒருவர், “குழாய் கிடைமட்டமாகத்தானே போகிறது, ப்ரஷர் குறையாது” என்றார். உயரம் கூடாது என்பது சரி. உராய்வு கூடும்.

நீர்மட்ட உயர வேறுபாடு 1.2 மீட்டர் என்று அளந்தேன். முதல் கொட்டேஷனில் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இஞ்ச் குழாய். எல்போவையும் சேர்த்து நீளம் 11.6 மீட்டருக்குச் சமம். 3,000 லிட்டர் ஓடினால் உராய்வு மட்டும் 4.3 மீட்டர். உயரத்தையும் கூட்டினால் ஐந்தரை மீட்டர். இரண்டாவதில் 32 மில்லிமீட்டர், ஒன்றேகால் இஞ்ச். உராய்வு அரை மீட்டரை ஒட்டி, மொத்தம் 1.7 மீட்டர். அதே நீரைத் தள்ள முதல் ஏற்பாட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும்.

பம்ப் இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நீரைத் தள்ளும் வேலையாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கு 135 வாட், இரண்டாவதுக்கு 42 வாட். இது 24 மணி நேரமும் ஓடுவது. ஆண்டுக்கு 1,180 யூனிட்டுக்கு எதிராக 370 யூனிட். ஆண்டுதோறும் 800 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். நம் பொதுக் கணக்கில் ஒரு யூனிட் என்ன விலை என்று பொருளாளரைக் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் கொட்டேஷன் தொகையில் குறைவுதான். அது வாங்கும் அன்றைக்கு மட்டும். போதாதற்கு, நீரில் மூழ்கியிருக்கும் பம்ப்பின் மின்சாரம் கடைசியில் சூடாகத் தண்ணீரில்தான் சேரும். சித்திரை வெயிலில் மீனுக்கு அது கூடுதல் தொல்லை.

லாபிக்குக் கீழே குடியிருப்பு இல்லை, நிம்மதி என்று சிலர் சொன்னார்கள். லாபியிலிருந்து நான்கடி தள்ளி லிஃப்ட் குழி இருக்கிறது. தண்ணீர் அதற்குள்தான் போகும். அதனால்தான் இதை அலங்காரச் செலவு என்று மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன்.

செயற்குழு கையெழுத்துப் போடுமுன் கொட்டேஷன் கொடுத்தவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்கட்டும். ஒன்று: உயரமும் உராய்வும் கழித்து, தொட்டியில் மணிக்கு எத்தனை லிட்டர் விழும்? பம்ப்பின் வரைபடத்தைக் காட்டுங்கள். இரண்டு: குழாயின் உள்விட்டம் என்ன, எல்போ எத்தனை? மூன்று: மேலிருந்து வழிந்து இறங்கும் குழாய், பம்ப் ஏற்றுவதை முழுக்கத் தாங்குமா, ஒன்று அடைத்தால் மாற்றுக் குழாய் உண்டா? அதைத் தள்ள எந்தப் பம்ப்பும் கிடையாது, தானாக இறங்குவது. அதனால் ஏற்றும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நான்கு: கரண்ட் போனால் எத்தனை லிட்டர் திரும்பி வரும், சம்ப்பில் அதற்கு இடம் எவ்வளவு?

வேலை முடிந்த அன்று, பணம் கொடுப்பதற்கு முன், இரண்டு சோதனை போதும். ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து நீரை அளப்போம். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சம்ப்பின் அருகில் கால் மணி நேரம் நிற்போம். தரை நனையவில்லையென்றால் செக்கில் கையெழுத்துப் போடலாம். வாளி என் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்.